மூலக்குளத்து அட்வான்ஸ்

அன்றைக்கு அந்தக் காலிக் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். என் முதலாளி யூசுப் பாய், காலில் சர்க்கரைப் புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகாதவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே கட்டடத்துக்காரர் லூயி முசே (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா). புரோக்கர் தனபால் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார். நான் ஷட்டர் ஓரமாக, செக்கும் அக்ரிமென்ட்டும் இருந்த பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது ஆள் யாரும் கூப்பிடாமல் வந்தவர். பக்கத்துச் செருப்புக்கடை பன்னீர். ஒரு தூக்கு நிறைய டீயும் பேப்பர் கப்புகளும் கொண்டுவந்திருந்தார்.

நாங்கள் அந்த இடத்தை வாடகைக்கு எடுப்பதும் செருப்புக்கடை வைக்கத்தான். அவர் கடைக்கும் இந்தக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அப்படிப்பட்டவர் முகத்தைச் சுளித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ சிரித்த முகமாக எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். கடைசியாக என்னிடம் வந்து, "அண்ணனுக்குச் சக்கரை கம்மிதானே?" என்றார்.

எனக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்பது இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அப்படி யோசித்தபடியே கப்பை வாங்கியதில் கொஞ்சம் டீ பையின் மேல் சிந்திவிட்டது. அக்ரிமென்ட் நனைந்திருக்குமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் கூடவே கிளம்பியது. அதற்குப் பெயர் எனக்கு அப்போது தெரியவில்லை. சாயங்காலம் தெரிந்தது.

இதை எழுதச் சொன்னது முதலாளியின் மகள் ரெஹானா. கடைகளை இப்போது அந்தப் பிள்ளைதான் பார்த்துக்கொள்கிறது. வியாபாரிகள் சங்கத்து மலருக்கு யாராவது பழைய ஆள் ஒருவர் எழுத வேண்டுமாம். கடைப் பக்கம் போனால் புதிதாகச் சேர்ந்தவர்களும், "ஏழுமலைண்ணே, அப்பல்லாம் எடம் எப்படிப் புடிச்சீங்க" என்று கேட்டபடி இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் போனிலேயே இருக்கிறது. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் கூட்டம் என்பதைப் படம் போட்டுக் காட்டுகிறது. எனக்கு எழுதப் பயம். எட்டாவதோடு நின்றவன் நான். ஏதாவது தப்பாக எழுதி, அது அச்சில் ஏறி, நாலு பேர் பார்த்துச் சிரித்துவிட்டால்? ரெஹானா விடவில்லை. "நீங்க பயந்ததையே எழுதுங்க மாமா. மலர் பூரா ஜெயிச்ச கதையா இருக்கு, படிச்சாத் தூக்கம் வருது" என்றது.

பயந்ததை எழுதுவது என்றால் எனக்குச் சுலபம்தான்.

அப்பா வேலை செய்த மில் மூடியதும் பள்ளிக்கூடத்தை விட்டேன். டவுனில் யூசுப் பாய் கடையில் ஏணி ஏறிப் பெட்டி எடுத்துக் கொடுக்கிற வேலை. பிறகு கஸ்டமர் காலடியில் உட்கார்ந்து போட்டுவிடுகிற வேலை, பிறகு குடோன் சாவி. இதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏணியிலிருந்து விழுந்துவிடுவேன் என்று தினமும் பயந்தேன், ஒருநாளும் விழவில்லை. அவ்வளவுதான்.

முதலாளி கொஞ்சமாகப் பேசுவார். யார் வந்தாலும் முதலில் அவர் பார்ப்பது காலைத்தான், முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். கோபம் வந்தாலும் சத்தம் போடமாட்டார். ரேக்கிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்குவார், மூடியைத் திறப்பார், இடதும் வலதும் ஒரே ஜோடிதானா என்று பார்ப்பார், மூடி வைப்பார். பெட்டி மூடுகிற அந்த 'டப்' சத்தம் கேட்டாலே நாங்கள் ஆளுக்கொரு மூலையில் துடைக்க ஆரம்பித்துவிடுவோம். திட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவர் பெட்டி திறக்க ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவார் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கடை போடலாம் என்று அவர் நினைத்தபோது, இடம் பார்க்க என்னை அனுப்பினார். நான் எங்கள் நெல்லித்தோப்பிலேயே ஒரு நல்ல இடம் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். சுற்று வட்டாரத்தில் வேறு செருப்புக்கடையே கிடையாது, அதனால் எனக்குப் பெருமை.

"பக்கத்துல செருப்புக்கடை இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல மொதலாளி."

"அப்ப வேணாம்."

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். "செருப்பு வாங்குறவன் ஒரு கடையில பார்த்தமா வாங்குனமான்னு போவமாட்டான் ஏழுமல. ரெண்டு கடை ஏறி எறங்குனாத்தான் ஏமாறலைன்னு அவனுக்கு ஒரு திருப்தி. நாம அந்த ரெண்டாவது கடையா இருக்கணும்."

பெரிய கடைக்காரர் விளம்பரம் போடுவார், தள்ளுபடி என்று துணியில் எழுதிக் கட்டுவார், கூட்டம் வரும். வந்த கூட்டம் முழுவதும் அங்கேயே வாங்கிவிடுமா என்ன? நிறம் பிடிக்காது, அளவு இருக்காது, விலை ஒத்துவராது. வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்க்கும். அந்தப் பார்வை எட்டுகிற தூரத்தில் நம் போர்டு இருக்க வேண்டும். தூரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால் அந்த ஆளை நம்மிடம் வரவழைக்க நாம் தனியாகச் செலவு செய்ய வேண்டும். இதுதான் முதலாளியின் கணக்கு.

ஆகவே என் வேலை, போட்டிக் கடைக்கு எதிரே உட்கார்ந்து வெறுங்கையை எண்ணுவது. உள்ளே போகிறவர்களை எண்ணிப் பயன் இல்லை. வெளியே வருகிறவர் கையில் பை இருக்கிறதா, இல்லையா? அதை எண்ண வேண்டும். நோட்டில் எழுதினால் யாராவது கவனித்துவிடுவார்கள், எனக்கு எழுத்தும் மெதுவாகத்தான் வரும். அதனால் புளியங்கொட்டை. பேண்ட்டின் இடது பையில் நிறையக் கொட்டை. பையோடு ஒருவர் வந்தால் ஒரு கொட்டை சட்டைப் பைக்குப் போகும். வெறுங்கையோடு வந்தால் பேண்ட்டின் வலது பைக்குப் போகும். சாயங்காலம் முதலாளி மேஜை மேல் இரண்டையும் தனித்தனியாகக் கொட்டுவேன். வெறுங்கைக் குவியல் பெரிதாக இருந்தால் அந்த இடம் நமக்கு.

கேட்க வேடிக்கையாக இருக்கும். உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. ஒருமுறை டவுனில் எதிர்க்கடைக்காரர் என்னை வரி ஆபீஸிலிருந்து வந்து நோட்டம் விடுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டு, டீயும் பட்டர் பிஸ்கட்டும் கொடுத்தனுப்பினார். திருப்பி அனுப்பினால் சந்தேகம் வரும், சாப்பிட்டால் லஞ்சம் மாதிரி இருக்கும். பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் போட்ட கடை நன்றாகவே ஓடியது. ஆனாலும் திறந்த முதல் மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி செல்வி கேட்டாள், "கடைக்கு மொதலாளி அவரா, நீங்களா?"

மூலக்குளத்துக்கு வருகிறேன். வில்லியனூர் ரோட்டில் அப்போதுதான் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கு பார்த்தாலும் மணல், ஜல்லி, சாரம். அங்கே ஒரே ஒரு செருப்புக்கடை, பன்னீர் கடை. சொந்தக் கட்டடம். ஒட்டினாற்போல லூயி முசேயின் கட்டடம் காலியாகக் கிடந்தது. முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் பக்கம் சொல்தா என்போம். வருஷத்தில் பாதி பிரான்சில் மகனோடு, பாதி இங்கே. எதற்கும் மெர்சி, அதாவது நன்றி, சொல்லுகிற மனிதர், வாடகையில் மட்டும் ஒரு ரூபாய் இறங்கமாட்டார்.

முதலாளி அப்போது காலில் புண் வந்து வீட்டை விட்டு நகர முடியாமல் படுத்திருந்தார். நான் மட்டும் போனேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை, அதன் பெஞ்சில் என் இடம். பல நாள் எண்ணினேன். தினமும் வலது பேண்ட் பை கனத்தது. சட்டைப் பையில் கொட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடு வருகிறார்கள். இப்படி ஒரு கணக்கை நான் டவுனில்கூடப் பார்த்ததில்லை. கட்டிலில் முதலாளி காலடியில் கொட்டினேன். அவர் குவியலைக் கையால் அளைந்துகொண்டே, "சரியாப் பார்த்தியா?" என்று ஒரு தடவை கேட்டார். பார்த்தேன் என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்தார். அவர் தாத்தா கட்டிய வீடு. மூன்று குடும்பம் இருக்கிற வீடு. அட்வான்ஸ் நான்கு லட்சம், அதற்கு மேல் ரேக், லைட், சரக்கு. ஒரு வருஷத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸில் பாதி கிடையாது என்று முசே அக்ரிமென்ட்டில் எழுதச் சொல்லியிருந்தார்.

இப்போது அந்தச் சாயங்காலம். கையெழுத்துப் போட்டு, செக் கொடுத்து, எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பூட்டுப் போட்டுவிட்டு வா என்று முதலாளி என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறினார். முன் ஷட்டரைப் பூட்டிவிட்டு, பின் கதவும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சந்துப் பக்கம் போனேன். (ஒரு தடவை பார்த்தால் எனக்குப் போதாது. மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன்.) அங்கே பழைய சாமான் வாங்குகிற ஒருவர் பன்னீர் கடையின் பின்வாசலிலிருந்து மூட்டைகளைத் தன் மூன்றுசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து கிடந்தது.

உள்ளே முழுக்கப் பழைய செருப்பு. வார் அறுந்தது, குதிகால் தேய்ந்து ஓட்டையானது, சிமெண்டு காய்ந்து வெள்ளையாகப் படிந்தது.

இது என்ன என்று கேட்டேன். "புதுசு வாங்குறவங்க கழட்டிப் போட்டுட்டுப் போறதுதாண்ணே. வாரா வாரம் வந்து அள்ளிக்கினு போறேன்" என்றார் அவர் பாட்டுக்கு.

நான் அந்தப் பின்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டவுனில் செருப்பு வாங்குகிறவர்கள் பண்டிகைக்கு, கல்யாணத்துக்கு வாங்குகிறார்கள். பெட்டியில் போட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மூலக்குளத்தில் கொத்தனாரும் சித்தாளும் வேலைக்கு நடுவே வார் அறுந்து வருகிறார்கள். வாங்கியதைக் காலில் மாட்டிக்கொண்டு, பழையதை அங்கேயே விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். பன்னீர் கடை வாசலில் எப்போதும் வரிசையாக வண்டிகள் நிற்கும். டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் வெளியே வருகிறவர்களின் இடுப்புக்கு மேல்தான் தெரியும். கையைப் பார்த்தேன். கால் தெரியவில்லை. கால் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றவும் இல்லை. செருப்புக்கடையில் இத்தனை வருஷம் கால்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தவன் நான்.

ஆக, வலது பையில் போட்ட கொட்டை எல்லாம் வாங்கிவிட்டுப் போன ஆட்கள். நமக்கு மிச்சம் யாரும் இல்லை.

பஸ்ஸில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து கடைக்குள் நுழைந்தபோது முதலாளி கல்லாவில் இல்லை, ரேக் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி மறைத்ததைச் சொன்னேன், மூட்டையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து ஒரு பெட்டியை இறக்கினார்.

திறந்தார், ஜோடி பார்த்தார், மூடினார். டப். அடுத்தது. டப். கடையில் இருந்த மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள். அவர் கால் இன்னும் முழுசாக ஆறவில்லை, நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஒரு வரிசை முழுவதும் முடித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்த மூட்டையில என்னென்ன சைஸ் இருந்துச்சு?"

நான் எதிர்பார்த்தது அந்தக் கேள்வி இல்லை. "ஆம்பள சைஸ் மொதலாளி. எட்டு, ஒம்போது. சித்தாளுங்க போடுற ரப்பர் செருப்பு கொஞ்சம்."

"பொம்பளைங்க வெளிய போட்டுக்கினு போற மாதிரி? குதி வச்சது?"

"இல்ல."

"புள்ளைங்க சைஸ்? ஸ்கூல் ஷூ?"

கண்ணை மூடிக்கொண்டு மூட்டையின் வாயை மறுபடி பார்த்தேன். "ஒண்ணுகூட இல்ல மொதலாளி."

கையில் இருந்த பெட்டியை அவர் மூடவில்லை. "அந்தப் பக்கம் கட்டுற வூட்டுல எல்லாம் குடி வர்றவங்க இருக்காங்கல்ல. அந்தப் பொம்பளைங்களும் புள்ளைங்களும் எங்க வாங்குறாங்க?"

அந்தப் பதில் அவருக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். முகத்தில் அப்படி ஒரு வெளிறல்.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு பன்னீர் கடைக்குப் போனார். கஸ்டமர் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்து, பன்னீரின் காலைப் பார்த்தார். பன்னீர் போட்டிருந்ததும் கொத்தனார்கள் போடுகிற அதே செருப்புதான், அதிலும் ஒரு தையல்.

"இவன் எதிர்ல ஒக்காந்து எண்ணுனது உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் பாய். டீக்கடையில கேட்டேன். சக்கரை கம்மியா ஒருத்தரு ஒக்காந்தே இருக்காரு, யாருன்னு. உங்க கடை ஆளுன்னு சொன்னாங்க. கையத்தான் பாக்குறாருன்னும் தெரிஞ்சுது."

"தப்பா எண்ணுறான்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

பன்னீர் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா வரமாட்டீங்களே பாய்."

அப்புறம் அவர் சொன்னதை நான் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கட்டட வேலை நடக்கிற வரைக்கும்தான் அவருக்கு வியாபாரம். வீடுகள் முடிந்ததும் கொத்தனார் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். குடி வருகிறவர்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய்த்தான் செருப்பு வாங்குகிறார்கள். அவர் கடைக்குள் வரவே கூச்சம். ஒற்றைக் கடை, ஏறினால் வாங்கித்தான் ஆக வேண்டும், பிடிக்கவில்லை என்று எழுந்தால் கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இன்னொரு கடை இருந்தால் பயம் இல்லாமல் ஏறி இறங்குவார்கள். இரண்டு வருஷமாக யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தாராம். நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும், வாசலில் வண்டிகளை இன்னும் நெருக்கமாக நிறுத்தச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி எழுந்தார். "என் வூட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு தம்பி."

பன்னீர் முகம் மாறியது. கடன் வாங்கித்தான் வருகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. டவுனில் இரண்டு கடை வைத்திருக்கிற பாய், கையில் பணம் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. முந்தின நாள் அவர் சிரித்துக்கொண்டு டீ ஊற்றியதும் பயத்தில்தான். என்னை மாதிரி இன்னொரு ஆள்.

முதலாளி அங்கேயே முடிவு சொன்னார். வேலைக்குப் போடுகிற செருப்பு நாங்கள் வைப்பதில்லை. பெண்கள், பிள்ளைகள், ஆபீஸ் ஷூ மட்டும். எங்களிடம் இல்லாததைக் கேட்டால் "பக்கத்துல பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பன்னீரும் அப்படியே. எங்கள் தொழிலில் அந்த வார்த்தையைச் சொன்ன பையனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிய முதலாளிகள் உண்டு.

கடை திறந்தோம். முதல் மாதங்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. போனில் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுகிற பெட்டியை நாங்களும் வாங்கினோம், பன்னீரும் அதே வாரம் வாங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெட்டி நூற்றைம்பது, இருநூறு என்று பேசிக்கொண்டே இருக்கும். எங்கள் பெட்டி ஊமை. கெட்டுப்போய்விட்டதோ என்று நானே என் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தேன். ஒரு ரூபாய் பெறப்பட்டது என்று கணீரென்று சொன்னது. கடையில் வேலைக்கு இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது.

தினமும் கடை சாத்தியதும் சாவியை முதலாளி வீட்டில் கொடுக்க வேண்டும். அந்த வாசலில் நிற்கும்போது உள்ளே அவர் அக்கா பிள்ளைகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கும். இவர்களுக்கு விஷயம் தெரியுமா என்று நினைப்பேன். பேங்கிலிருந்து ஒருமுறை கடிதம் வந்தது. தவணை தள்ளிப்போயிருக்கிறது என்று. முதலாளி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு எத்தன பேரு உள்ள வந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். கறுப்பு ஷூ கேட்டார்கள். நானே உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். விலை கேட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அந்த அம்மா "பார்த்துட்டு வரோங்க" என்று எழுந்துவிட்டார். வழக்கமாக அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் வருவதில்லை. புருஷன் தனக்கு ஒரு செருப்பு கேட்டார், எங்களிடம் இல்லை. "பக்கத்துல பாருங்க" என்றேன். போனார்கள். பிரித்துப் போட்ட ஷூக்களைப் பெட்டியில் வைக்க மனம் இல்லாமல் கீழேயே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பன்னீரின் குரல் கேட்டது. "எங்ககிட்ட ஸ்கூல் ஷூ இல்லைங்க, பக்கத்துலதான். டவுன் வெலையேதான் போட்டிருக்காங்க, பஸ் காசு மிச்சம்."

வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த முறை முதலில் காலைப் பார்த்தேன். புருஷன் காலில் புதுச் செருப்பு, பன்னீர் கடையுடையது. பின்னால் நான்கு சின்னக் கால்கள்.

இரண்டு ஜோடியும் வாங்கினார்கள். பெட்டி பேசியது. அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா தன் தங்கையைக் கூட்டி வந்தார். அந்த ஜூனில் பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு கடைக்கும் நடுவில் நின்று, எதில் முதலில் ஏறலாம் என்று யோசிக்கிறவர்களைப் பார்த்தேன். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போய், மறுபடி திரும்பி வருகிற அந்த நடையைப் பார்க்கத்தான் முதலாளி இத்தனையும் செய்தார். தவணைகள் ஒழுங்காகப் போயின. பத்திரத்தை பேங்கிலிருந்து திருப்பி வாங்கிய அன்று என்னையும் கூட்டிப்போனார். ஆட்டோவில் அதை என்னிடம்தான் கொடுத்தார். வீடு வரும்வரை வயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்தேன். காற்றில் பறந்துவிட்டால்?

முதலாளி இப்போது வீட்டோடு இருக்கிறார். நானும் வேலையை விட்டுவிட்டேன். பயத்தை விட முடியவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது.

போன மாதம் மூலக்குளம் டீக்கடைப் பெஞ்சில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்களாம். பன்னீர் போன் செய்தார். கையில் கொட்டை இல்லை, ஒரு சின்னக் கேமராவைக் கம்பத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடி முகப்பும் ஏசியுமாகப் பல ஊரில் கடை வைத்திருக்கிற பெரிய கம்பெனி. இரண்டு செருப்புக்கடை ஓடுகிற இடத்தில்தான் மூன்றாவது கடை போடுவார்கள், அவர்கள் கணக்கும் எங்கள் கணக்கேதான். ஆனால் அவர்களுக்குப் பக்கத்து மனை போதவில்லை. முசேயிடம் எங்கள் கட்டடத்தையே கேட்டிருக்கிறார்கள், நாங்கள் கொடுக்கிற வாடகையைப்போல் பல மடங்குக்கு.

"மூணாவது கடை வரட்டும்ணே, எனக்கு அதுல பயமில்ல" என்றார் பன்னீர். "உங்க எடத்துல வந்துறக் கூடாது. அவன் எல்லாச் செருப்பும் வைப்பான். பக்கத்துல பாருங்கன்னு சொல்லமாட்டான்."

பிறகு பிரான்சிலிருந்து முசேயே ரெஹானாவைக் கூப்பிட்டார். உடம்பை விசாரித்தார், அத்தாவை, அதாவது முதலாளியை, விசாரித்தார், மெர்சி சொன்னார். கடைசியில் பேங்க் கணக்கு நம்பர் கேட்டார். எதற்கு என்றால், அட்வான்ஸைத் திருப்பி அனுப்ப. அது வந்துவிட்டால் நாங்கள் சாவியைக் கொடுக்க வேண்டும், அதுதான் அர்த்தம். ரெஹானா உடனே கொடுக்கவில்லை. "நீங்க ஊருக்கு வரும்போது பேசிக்கலாம் முசே, அத்தாவும் உங்களப் பாக்கணும்ங்கறாங்க" என்று சொல்லியிருக்கிறது. அவர் டிசம்பரில் வருவார்.

அதுவரை தினமும் காலையில் நான் ரெஹானாவுக்குப் போன் செய்கிறேன். "பணம் எதுவும் வந்துச்சாம்மா?" "இல்ல மாமா." பத்து நிமிஷத்தில் பன்னீர் எனக்குப் போன் செய்வார். "வந்துச்சாண்ணே?" "இன்னும் இல்ல." இரண்டு பேரும் மூச்சு விடுவோம். ஊரில் எல்லோரும் வர வேண்டிய பணம் வரவில்லையே என்று கவலைப்படுவார்கள். நாங்கள் வந்துவிடுமோ என்று பயப்படுகிறோம்.

இதை எழுதி முடிக்கிற இன்று காலையும் வரவில்லை. முசே எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி, நான்கு லட்சம் ரூபாய்.